மூடி வைத்த நோட்டு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்கா, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து இந்த ஏற்காட்டுக் குளிரில் உட்கார்ந்திருக்கும் சேலத்து வாசகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அறிவியலாளர்களைப் பற்றிய நாவலில் வாசகர் மனதில் நிற்பது காதலா, லட்சியமா? இதுதான் தலைப்பு. லட்சியமே என்று பேச வந்திருக்கிறேன். அணி பிரிக்கும்போது இந்தப் பக்கத்தை நானே கேட்டு வாங்கினேன்.

நாம் கூட்டம் போட்டுப் பேசிய இந்த நாவலைப் படிக்காமல் வந்தவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறாள் ஒரு பெண். அதே ஆய்வுக்கூடத்தில் ஒரு பையன். காதலிக்கிறார்கள், கல்யாணமும் நடக்கிறது. அவனுக்கு வெளிநாட்டில் பெரிய இடத்திலிருந்து அழைப்பு வருகிறது. அவள் பாதிக் கணக்கில் நோட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அவனோடு கிளம்புகிறாள். அப்புறம் அவனுக்கு விருதுகள் வருகின்றன. அவளுக்கு வருஷங்கள் போகின்றன.

எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? "நம்ம வாசகர்கள் அறிவியல் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் படித்தார்கள். பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கிய அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் பேசினார்கள்" என்றார். பேசினார்கள், நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் அதற்கு அடுத்து என்ன பேசினார்கள் என்பதை அண்ணன் விட்டுவிட்டார். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "அந்தப் பையன் ஏன் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலை?" என்று கோபப்பட்டார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எழுந்து, "அவங்க அந்த நோட்டை எரிச்சிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும், பத்திரமா வெச்சிருந்தாங்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

நடுவர் அவர்களே, இந்த நாவலில் காதலுக்கு எந்தக் குறையும் வரவில்லை. கடைசிப் பக்கம் வரை அவன் அவள்மேல் உயிராக இருக்கிறான். அவளும் அப்படித்தான். காதல்தான் கதை என்றால், சேர்ந்து வாழ்ந்து முடித்த ஒரு ஜோடியைப் பார்த்து நாம் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். நமக்கு நெஞ்சு அடைத்தது ஏன்? பெட்டிக்குள் இருந்த அந்த நோட்டுக்காகத்தான் அடைத்தது.

எதிரணி அக்கா தன் பேச்சில், ரேடியம் கண்டுபிடித்த மேரி கியூரியை அழைத்து வந்தார். பியர் கியூரியும் மேரியும் போல ஒரு காதல் உண்டா என்று கேட்டார். உண்டு என்று நான் சொல்லமாட்டேன். 1895 ஜூலையில் அவர்களுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு மேரி கேட்டது, பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகத் தோதாக, அழுக்குத் தெரியாத அடர்நிற உடை. முகூர்த்தப் புடவையை எடுக்கும்போதே இது வேலைக்கு ஆகுமா என்று பார்த்த பெண் அவர்! 1906 ஏப்ரலில் பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு பியர் இறந்தார். அவர் நடத்திய வகுப்பை மேரியிடம் கொடுத்தார்கள். நவம்பர் மாதம் முதல் பாடம். அரங்கம் நிரம்பி வழிந்தது. அழுவார், கணவரைப் பற்றிப் பேசுவார் என்று ஊரே காத்திருந்தது. மேரி வந்தார். பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அந்த இடத்திலிருந்து தொடர்ந்தார். படிக்கிற நமக்குக் கண் கலங்குகிற இடம் இதுதான். இங்கே ஒரு காதல் வார்த்தைகூடக் கிடையாது.

அமெரிக்க இயற்பியலாளர் ஃபைன்மனின் கடிதத்தையும் எதிரணியில் சொன்னார்கள். 1945ல் காசநோயில் இறந்துபோன மனைவி ஆர்லினுக்கு, அடுத்த வருஷம் அவர் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதம். அதைப் படித்து நானும் அழுதவள்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் எதைத் தேடுகிறார் என்று பாருங்கள். சேர்ந்து துணி தைக்கக் கற்றுக்கொண்டோமே, சீன மொழி படிக்கத் தொடங்கினோமே, இனி நான் தனியாக என்ன செய்வேன் என்று கேட்கிறார். இரண்டு பேராகப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிற அந்தத் துள்ளலைத்தான் அவர் இழந்திருக்கிறார்.

நம்ம வள்ளுவர் இதற்கு ஒரு குறள் வைத்திருக்கிறார். அதுவும் காமத்துப்பாலில்.

அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்
செறிதோறும் சேயிழை மாட்டு.

ஒன்றை அறிய அறிய, இதுவரை இதை அறியாமல் இருந்தோமே என்று தெரிகிறது அல்லவா, அதுபோல இவளைச் சேரச் சேர இன்பம் புதிதாகவே இருக்கிறது என்கிறான் தலைவன். காதலுக்கு உவமை தேடிய வள்ளுவருக்கு அறிவுத் தேடல்தான் கைக்கு அகப்பட்டிருக்கிறது. தெரிந்த ஒன்றைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவார்கள்? அறிவின் பசி எப்படிப்பட்டது என்று படிக்கிறவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நம்பித்தான் அவர் அந்த வரியை எழுதியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் நாவலிலும் வெளிநாட்டிலும் மட்டும்தானா? சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் லலிதா. அதே கல்லூரியில் அவருக்கு ஒரு வகுப்பு மேலே, பின்னாளில் நட்சத்திரங்களை ஆராய்ந்து பெயர் பெற்ற சந்திரசேகர். 1930ல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் சந்திரசேகர் போட்ட கணக்குதான் இன்று அவர் பெயரால் வழங்குகிற எல்லை. வெண்குறு நட்சத்திரம், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம் ஒன்று, சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு எடைக்கு மேல் போனால் தாங்காது என்கிற கணக்கு. லலிதா ஆறு வருஷம் காத்திருந்தார். 1936ல் கல்யாணம். அதற்குப் பிறகு அவர் தன் இயற்பியலைத் தொடரவில்லை. சந்திரசேகர் 1995ல் மறையும்வரை இருவரும் ஒருவருக்கொருவர் துணையாகவே வாழ்ந்தார்கள். விரும்பித் தேர்ந்த வாழ்க்கை, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். அவர்கள் கதையை எப்போது படித்தாலும் 1983ல் நோபல் பரிசு வாங்கிய பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். லலிதா படிப்பை விட்ட அந்த ஒரு வரியில் நின்றுவிடுகிறேன்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா சேலத்தில் வீட்டிலேயே கொலுசு வேலை செய்பவர். எட்டாவது வரை படித்தவர். கண் இப்போது வேலைக்கு மட்டும்தான் பத்துகிறது என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நாவலை வாசித்துக் காட்டினேன். அவர் கையில் வெள்ளி வளையங்கள். ஒன்றோடு ஒன்று கோர்த்து, இணைப்பில் பொடி வைத்து, நெருப்பைக் காட்டிப் பற்றவைக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் வளையமே உருகிவிடும். வெள்ளி உருகுவது 962 டிகிரியில் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். பெரியம்மாவுக்கு நிறத்தைப் பார்த்தால் தெரியும். எந்தச் சிவப்பில் கையை எடுக்க வேண்டும் என்று அவர் கண்ணுக்குப் பாடம்.

பஸ் ஸ்டாப் மழைக் காட்சியை வாசித்தேன். "ம்" என்றார், கை நிற்கவில்லை. கல்யாணம் வந்தது. அதற்கும் "ம்". அப்புறம், எதிரணி தள்ளிவிட்டுப் படித்தார்களாமே, அந்த அறிவியல் பக்கம். நட்சத்திரத்தின் நிறத்தை வைத்து அதன் சூட்டைச் சொல்லலாம் என்று அந்தப் பெண் விளக்குகிறாள். திருவாதிரை சிவந்து தெரிகிறது, அது நம் சூரியனைவிடச் சூடு குறைந்தது. நீலமாகத் தெரிவது இன்னும் கடும் சூடு. பெரியம்மா நெருப்பைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இதைத்தானேடி நான் நாப்பது வருஷமா பண்றேன்" என்றார். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

போன வாரம் அந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்கிற இடம் வந்தது. பெரியம்மா பேசவே இல்லை. கோர்த்த சங்கிலியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவன் திரும்ப வந்தானா, அவளைச் சமாதானப்படுத்தினானா என்று ஒரு கேள்வியும் இல்லை.

"அந்தக் கணக்குல மீதி என்னடி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நாவலில் அது இல்லை. எனக்குத் தெரிந்த வரைக்கும், ஒரு நட்சத்திரம் தன் எடையைத் தானே தாங்கமுடியாமல் சரிகிற கணக்கை, வரும் ஞாயிறு பெரியம்மாவுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் மலையேறி வந்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.