பக்கத்தைப் படமெடுத்தால் வேலை முடிந்ததா?

நூலக நண்பர்களுக்கு வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன மாதம் என் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். தமிழாசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறார், காசு கொடுக்காமலே கிடைப்பது, திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும். ஒரு பழைய இலக்கண உரையை ஏதோ ஒரு மின்னூலகத்தில் தேடிப் பிடித்து, ஆசையாகத் திறந்தார். "பக்கம் காலி" என்றது. அடுத்த பக்கம் போனார், அதுவும் காலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கோ அச்சு பளிச்சென்று தெரிகிறது. கடைசிப் பக்கம்வரை தட்டிப் பார்த்துவிட்டு, "நூல் இருக்கு, எனக்குத்தான் இல்லை" என்றார்.

நாம் ஸ்கேன் செய்வது பக்கத்தின் போட்டோவைத்தான். அதில் எழுத்தே கிடையாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளில் போட்டால் எழுத்து வந்துவிடும், சரி, ஆனால் பழைய அச்சில் துணைக்காலையும் ரகரத்தையும் அது குழப்பிக்கொண்டு, 'காலம்' என்பதைக் 'கரலம்' ஆக்கிவிடும். கண்ணால் படிப்பவர் ஊகித்துக்கொண்டு போய்விடுவார், காதால் கேட்பவருக்கு வரிக்கு வரி இடறும். ஆகவே ஒரு மனிதர் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும், இதற்குக் குறுக்குவழி இல்லை.

அப்புறம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதில் 'அம்மா' என்று இருப்பதைத் திரைவாசிப்பானில் எழுத்தெழுத்தாகக் கேட்டால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வரும். இவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒரு கோப்புக்குச் சில நிமிடம் போதும், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதிப்புரிமை சிக்கல் என்று சிலர் தயங்குகிறார்கள். 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்தில் நூலைத் தர வழி செய்தாகிவிட்டது. பார்வையற்றோருக்குப் படிக்கத்தக்க நூல்கள் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014இல், ஏற்புறுதி செய்ததும் இந்தியாதான். நாட்டுடைமை நூல்களுக்கோ இந்தத் தயக்கமே தேவையில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்த சங்கப் பாடல்களை என் நண்பர் இன்றைக்குத் தடையில்லாமல் கேட்கிறார், காரணம் அவை வெறும் எழுத்து.

அந்த இலக்கண உரையை நாங்கள் மூன்று பேர் பிரித்துக்கொண்டு மெய்ப்புப் பார்த்துவருகிறோம். நாற்பது பக்கம் முடிந்திருக்கிறது. இரவு அவர் கேட்டுப் பார்த்து, எந்த வரி இடறுகிறது என்று காலையில் குரல்செய்தி அனுப்புகிறார். உங்கள் நூலகத்திலும் யாராவது வந்தால் பிரித்துக் கொடுக்க இன்னும் இருநூறு பக்கத்துக்குமேல் இருக்கிறது.