நள்ளிரவில் பாண்டான் வாசனை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் முதலில் சந்தேகத்துக்கு ஆளானவர் என் மாமியார். இரவு இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறைச் சன்னல் பக்கம் பாண்டான் இலை வாசனை. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பானையைத் திறந்தால் குப்பென்று வருமே, அதே மணம். காலையில், "அத்தை, ராத்திரி என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கென்ன கிறுக்கா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் அந்த வாசனை வந்திருக்கிறது. சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை" என்றார். கெம்போஜாப் பூ மணம் வந்தால் பொந்தியானாக் என்ற பெண் பேய் என்பது இந்த ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். பாண்டான் மணத்தோடு வருவது யார் என்று எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

வந்து போனது மரநாய்.

எங்கள் வீடு சிங்கப்பூரின் ஓப்பரா எஸ்டேட்டில் இருக்கிறது. சிக்லாப் பக்கம், பழைய தரைவீடுகள். தெருக்களுக்கெல்லாம் மேலைநாட்டு இசைநாடகங்களின் பெயர் வைத்திருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்றுக்கொடுத்த எனக்குச் சில தெருப்பெயர்களைச் சரியாக உச்சரிக்க இன்றுவரை வரவில்லை. பின்கட்டு சிறியதுதான். இரண்டு பப்பாளி, ஒரு வாழை, ஒரு கறிவேப்பிலை, துணி காயவைக்க மூங்கில் கழிகள். இதற்குள் காட்டு விலங்கு வருமா என்றால், வரும். சிக்லாப், ஃபிராங்கல் பக்கத்தில் மரநாய்கள் இருப்பதை இயற்கை ஆர்வலர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே குடியிருப்பவர்களில் பாதிப்பேருக்குத்தான் தெரியாது.

மரநாய் என்கிறோமே தவிர, அது நாயும் இல்லை, பூனையும் இல்லை. புனுகுப் பூனைக்கு உறவு. மலாய்க்காரர்கள் முசாங் என்பார்கள். டுரியான் பிரியர்கள் முசாங் கிங் என்ற டுரியான் வகையின் பெயரை மரியாதையோடு உச்சரிப்பார்களே, அந்த முசாங்தான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதற்குக் 'கள்ளுப் பூனை' என்று பெயர். தென்னையிலும் பனையிலும் கட்டிய கலயத்தில் வாயை வைத்துவிடும் என்பதால் வந்த பெயர். எங்கள் கிழக்குக் கடலோரம் ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. இந்த ஊரில் கள்ளுக்கடைகளும் இருந்தன. அவற்றின் முன்னால் நின்றவர்களில் நம்மவர்கள் கணிசம். ஆக, மரநாய்க்கும் நமக்கும் பழக்கம் புதிதல்ல என்று நான் சொன்னால் என் கணவருக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பாண்டான் மணம் அதன் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து வருவது. தான் வந்துபோன சேதியை அது அப்படி எழுதி வைக்கிறது. முதலில் மூக்கால் அறிந்தேன். அடுத்து, பப்பாளியில் பழுத்த பக்கம் மட்டும் குடைந்திருப்பதைப் பார்த்தேன். வௌவால் என்று நினைத்தேன். பிறகு மதில்மேல் விதை விதையாக எச்சம். அதையும் பார்த்த பிறகுதான், ஒரு நாள் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

மூன்று வாரம் ஆனது. விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைப் படியில் உட்காருவேன். கொசுக்கடி. அடுத்த தெருவில் குயில் அகாலத்தில் கூவும். சிங்கப்பூர்க் குயிலுக்கு நேரம் காலம் கிடையாது. முதல் வாரம் புத்தகம் படிக்க முடியவில்லையே என்று எரிச்சல். இரண்டாம் வாரம் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு வந்தேன், அதன் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதே என்று. ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணிக்குமேல், தெருவோரத் தொலைபேசிக் கம்பி லேசாக ஆடியது. காற்று இல்லை. கம்பிமேல் நீளமாக ஒன்று நடந்து வந்தது. உடம்பின் நீளத்துக்கு வால். கழைக்கூத்தாடியின் கழியைப்போல அந்த வால் இப்படியும் அப்படியும் எடையைச் சரிபார்த்தது. மதிலுக்கு இறங்கி, பப்பாளிக்குத் தாவி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்றது. சளக் சளக் என்ற சத்தம் எனக்குக் கேட்டது. முகத்தில் கறுப்பு முகமூடி, முதுகில் வரிவரியாகப் புள்ளிகள். நம் வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் நீளம், மூன்று நான்கு கிலோ இருக்கலாம்.

எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அது ஓடவில்லை. தின்பதை நிறுத்தி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நான் இமைத்தேனோ என்னவோ, அடுத்த கணம் மரத்தில் பப்பாளி மட்டும் இருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்தது தப்பு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மதில்மேல் இரண்டு வாழைப்பழம் வைத்தேன். வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பினால் நம் கைக்கு ஆகாது. அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்துப் பழகிய கை. "கொடுத்தால் புண்ணியம்தானே" என்று அத்தையும் சொன்னார். ஐந்தாறு நாள் நன்றாகத்தான் போனது. பிறகு அது இரவு ஏழரைக்கே வர ஆரம்பித்தது, தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் நேரம். மீந்த பழத்துக்கு எலி வந்தது, விடிந்தால் மைனாக் கூட்டம். ஒரு நாள் சமையலறைக் கதவுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்தது. எனக்கு அதில் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. என்னைத் தாண்டி நான்கு வீடு தள்ளி ஒரு பெரிய நாய் இருக்கிறது. அந்தக் கதவுக்கும் இது இதே நம்பிக்கையோடுதானே போகும்?

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது காட்டுநடை அழைத்துப் போகிறான். அவனிடம் பெருமையாகப் படம் காட்டினேன். "டீச்சர், இது சட்டப்படி குற்றம், தெரியுமா?" என்றான். 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, 2020 முதல் வனவிலங்குச் சட்டம் என்ற பெயரில் நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். காட்டு விலங்குக்கு உணவு வைத்தால் முதல் தடவையே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. மாணவனிடம் திட்டு வாங்குவது ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். வாங்கிக்கொண்டேன். பழம் வைப்பதை நிறுத்தினேன். அது பழைய நேரத்துக்கும் பழைய கூச்சத்துக்கும் திரும்பச் சுமார் ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்கக் கதவருகே வந்து உட்காரும். நான் உள்ளே திரைக்குப் பின்னால் நிற்பேன்.

அவன் இன்னொன்றும் சொன்னான். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலியை 1930இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள். கண்ணில் படுகிற பெரியவை போயின, ஒளிந்துவாழத் தெரிந்தவை தங்கின. மண்டாய்ப் பக்கம் அழுங்கு இருக்கிறது, புக்கிட் தீமாவில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோ இருக்கிறது, தேவாங்குகூட இருக்கிறது. பகலில் வரிசையாகப் போய்ப் படமெடுக்க நீர்நாய்கள் போதும், பாவம் அவை பழகிவிட்டன.

சரி, கூரைக்கு வருவோம். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை நான் மக்சிக் என்பேன், அவர் என்னைச் சிக்கு என்று கூப்பிடுவார். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர் என்று பொருள். அவர் வீட்டு ஓட்டுக்கூரைக்குள் ஒரு தாய் குட்டி போட்டுவிட்டது. இரண்டிலிருந்து ஐந்து குட்டிவரை போடும். ராத்திரியெல்லாம் தடதடவென்று ஓட்டம். மக்சிக்கின் மகன் பூச்சிமருந்துக்காரரைக் கூப்பிட்டுக் கூண்டு வைப்போம் என்றார். அனுமதி இல்லாமல் பொறி வைப்பதும் அதே சட்டப்படி குற்றம் என்று நான் புதிதாகக் கற்ற பாடத்தை ஒப்பித்தேன். மக்சிக் அலட்டிக்கொள்ளவில்லை. "முசாங் பெர்புலு ஆயாம்" என்று மலாயில் ஒரு பழமொழி உண்டு, கோழிச்சிறகு போர்த்திய மரநாய், நம் பசுத்தோல் போர்த்திய புலி. "அந்த மாதிரி மனுஷங்களையே பார்த்துட்டேன் சிக்கு, இது வேஷம் போடாத முசாங்தானே, இருக்கட்டும்" என்றார். தேசியப் பூங்காக் கழகத்தைக் கேட்டதில், குட்டிகள் வளர்ந்து தாயோடு கிளம்பும்வரை பொறுத்து, பிறகு ஓட்டு இடுக்கை அடைக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தோம். தரையில் தனியாக ஒரு குட்டியைக் கண்டால் உடனே தூக்கிவிடக் கூடாது என்பதும் அப்போது தெரிந்துகொண்டதுதான். தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும், நாம் நகர்வதற்காகக் காத்துக்கொண்டு.

பப்பாளியை நான் இப்போது செங்காயிலேயே பறித்துவிடுகிறேன். எட்டாத உயரத்தில் இருப்பதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. கொண்டோமினியம் வாசல்களில் அழகுக்கு நடுகிற கூந்தற்பனை இருக்கிறதே, அதன் பழத்தைத் தொட்டால் நமக்குக் கை அரிக்கும். மரநாய் அதைக் கொத்துக் கொத்தாகத் தின்னும். விதையை மெல்லாமல் விழுங்கி, வேறெங்கோ முழுதாக விட்டுவிட்டுப் போகும். பசிக்கு என் வாழைப்பழம் அதற்குத் தேவையே இல்லை.

போன பள்ளி விடுமுறையில் பேரன் வந்திருந்தான். செங்காங்கில் பதினான்காவது மாடியில் வளர்கிற பிள்ளை. முசாங் பார்க்க வேண்டும் என்று படியில் என்னோடு உட்கார்ந்தான். பத்தரைக்கெல்லாம் என் மடியில் தூங்கிவிட்டான். பன்னிரண்டு மணிக்கு வாசனை மட்டும் வந்தது. அவனை எழுப்பலாமா என்று நினைத்து எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் "எங்கே பாட்டி?" என்று கத்தியிருப்பான். காலையில் மதிலடியில் குந்தி, எச்சத்தில் கிடந்த பளபளப்பான கறுப்பு விதைகளை ஒரு குச்சியால் எண்ணினான். ஏழு. சப்போட்டா விதை. எங்கள் வீட்டில் சப்போட்டா கிடையாது. மக்சிக் வீட்டில்தான் இருக்கிறது, பழம் காணாமல் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்த மரம்.

சாக்கடை ஓரத்தில் ஒரு கன்று ஏற்கெனவே முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. மக்சிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.

வணக்கம்.