பார்டன்ஸ்வில் மரப்பாலத்தை ஆறு எப்படிச் சாய்த்தது?

[காட்சி: செம்மண் நிறத்தில் பாயும் ஆறு, அதன் மேல் கூரை போட்ட மரப்பாலம்]

2011 ஆகஸ்ட் 28. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், பார்டன்ஸ்வில் என்கிற சின்ன கிராமம். ஐரீன் புயல் கொட்டிய மழையில் வில்லியம்ஸ் ஆறு கரை புரண்டு ஓட, ஊர்க்காரர் ஒருவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே பாலம் அப்படியே சரிந்து தண்ணீரில் விழுகிறது. இந்த வீடியோவை உலகம் முழுக்கப் பார்த்தார்கள்.

பழைய மரம், வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் மரம் தோற்கவில்லை. பாலத்தின் முனையைத் தாங்கி நின்ற கரையோரச் சுவருக்கு அடியிலிருந்த மண்ணைத்தான் ஆறு அரித்தது. காலுக்குக் கீழே தரையே இல்லை என்றால் எந்தப் பாலம்தான் நிற்கும்?

சரி, இதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. 1869இல் வந்த பெருவெள்ளத்தில் இதே ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டது. அதற்கு அப்புறம், 1870இல், சான்ஃபோர்ட் கிரேஞ்சர் என்பவர் 151 அடி நீளத்தில் கட்டிய பாலம் இது. அதாவது ஒரு வெள்ளத்தால் பிறந்து, 141 வருஷம் கழித்து இன்னொரு வெள்ளத்தில் போயிருக்கிறது.

[காட்சி: பக்கச் சுவரின் உட்புறம், அருகில்]

இந்தப் பலகைகளைப் பாருங்கள். பெரிய உத்திரம் எதுவும் இல்லை. சாதாரணப் பலகைகளைச் சாய்வாக, ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே வைத்து, சேரும் இடத்தில் எல்லாம் துளை போட்டு மர ஆணி அடித்திருக்கிறார்கள். இத்தியேல் டவுன் என்கிற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1820இல் காப்புரிமை வாங்கிய பின்னல் முறை இது. பெரிய தச்சு வித்தை தேவையில்லை, கிராமத்து ஆட்களே கட்டிவிடலாம், அதனால்தான் ஊர் ஊராகப் பரவியது. மேலே கூரை போட்டதும் பயணிகளுக்காக இல்லை, இந்தப் பலகைகள் நனைந்து இற்றுப்போகாமல் இருக்கத்தான்.

திரும்பக் கட்டும்போது ஒரு கான்கிரீட் பாலத்தைப் போட்டு வேலையை முடித்திருக்கலாம். ஊர் அதைச் செய்யவில்லை. அதே பின்னல் முறையில் மரத்திலேயே கட்டி, 2013 ஜனவரியில் திறந்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதன் நீளம்தான்: புதிய பாலம் 168 அடி. பழையதைவிட 17 அடி கூடுதல், அதாவது ஆறு போக இன்னும் கொஞ்சம் இடம்.