உறுமி மேளமும் மூளை அலையும்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். எல்லாரும் பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் மூளையைப் பற்றிப் பேசினால் பாவம்.

நான் டாக்டர் இல்லை. இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலையைப் பதிவு எடுக்கிற வேலையில் இருந்தவன். தலையில் கம்பி ஒட்டுகிற ஆள். எங்கள் தொழிலுக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். "தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்புவோம். நம் பாட்டிமார் குளித்துவிட்டு, தலை வறண்டு கிடக்கிறதே என்று ஒரு கை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவார்கள். எண்ணெய்த் தலையில் கம்பி சரியாகப் பிடிக்காது. தோல்வரை வந்து சேரும் மூளையின் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்து முதல் நூறு மைக்ரோவோல்ட்தான். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட். ஒட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் மூளையைவிடச் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் திரையில் ஜோராகத் தெரியும்.

அப்படி எண்ணெயோடு வந்த ஒரு பாட்டிக்குத் தலையைத் துடைத்து, கம்பி ஒட்டி, கண்ணை மூடச் சொன்னேன். பின்மண்டைப் பக்கம் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் அலை எழுந்தது. கோலம் போட்ட மாதிரி அவ்வளவு ஒழுங்கு. கண்ணைத் திறக்கச் சொன்னேன், மறைந்துவிட்டது. பாட்டி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கண்ணைத் தொறந்ததும் மூளை நின்னுபோச்சா?" என்றார். "அது அப்படித்தான் பாட்டி" என்று மழுப்பிவிட்டேன். எனக்கே அன்றைக்குப் பதில் தெரியாது.

அந்த அலைக்குப் பெயர் ஆல்பா. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இந்த மின்னோட்டத்தைப் பதிவு செய்தார். வெளியிட்டது 1929-இல். பலரும் நம்பவில்லை. 1934-இல் இங்கிலாந்தில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் உலகம் காது கொடுத்தது.

சரி, அலை எங்கிருந்து வருகிறது? மூளையின் மேல்பரப்பைப் போர்த்தியிருக்கும் பெருமூளைப் புறணியில் சுமார் 1600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல் சும்மா இருக்கும்போது அதன் உள்ளே மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். தூண்டல் போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு மின்துடிப்பை விடும். ஓரிரு மில்லிநொடிக்குள் முடிந்துபோகும். கோடிக்கணக்கான துடிப்புகளின் கூட்டல்தான் அலை என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன். அது தவறு. துடிப்பு மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். ஆளுக்கொரு நேரத்தில் வருவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தலைக்கு வெளியே நாம் பார்ப்பது, மற்ற செல்களின் துடிப்பு வந்து விழும்போது வாங்குகிற செல்லில் மெதுவாக ஓடும் மின்னோட்டத்தை. புறணியில் கூம்பு வடிவ செல்கள் வயலில் நாற்று நட்டது போல ஒரே திசையில் நிற்பதால் அந்த ஓட்டங்கள் சேர்ந்து பெரிதாகின்றன. துடிப்பு என்பது செல் பேசுவது. அலை என்பது செல்கள் கேட்பது.

இங்கேதான் எனக்குப் பிடித்த கேள்வி வருகிறது. அலை வெறும் புகையா, அல்லது அடுப்பையே திருப்பி ஊதிவிடுகிற காற்றா? அதாவது, செல்கள் எழுப்பும் அலை அந்தச் செல்களையே திருப்பி ஆட்டுமா?

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் நின்றிருப்பீர்கள். உறுமி மேளம் கொட்டத் தொடங்குகிறது. காவடி எடுப்பவர் ஒவ்வொரு அடிக்கும் குதிப்பதில்லை. பத்து அடி சும்மா விட்டுப் பதினோராவது அடியில் குதிப்பார். ஆனால் குதித்தால் அடி விழும் இடத்தில்தான் குதிப்பார். கூட்டம் ஆடுவதைப் பார்த்து மேளக்காரரும் வேகம் கூட்டுவார். இதில் யார் யாரை ஆட்டுகிறார்கள்?

புறணியிலும் அதே கதைதான். நொடிக்கு நாற்பது வாக்கில் ஓடும் காமா அலையை எடுத்துக்கொள்வோம். கூம்பு செல்கள் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு பக்கத்தில் இருக்கும் அடக்கும் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை சில மில்லிநொடிக்குள் கூம்பு செல்களின் வாயை அடைக்கின்றன. இருபது, இருபத்தைந்து மில்லிநொடியில் அந்த அடக்கம் தளர்கிறது. அந்த இடைவெளியில் யார் தயாராக இருக்கிறாரோ அவர் துடிக்கிறார், மறுபடி அடக்கம். தனியாக ஒரு மேளக்காரர் கிடையாது. ஆடுபவர்களே மேளம். ஒரு செல் பெரும்பாலான சுற்றுகளில் வாயே திறக்காது. திறந்தால் அலையின் குறிப்பிட்ட பக்கத்தில்தான் திறக்கும்.

இன்னொரு வழியும் உண்டு, அது இன்னும் வியப்பு. அலையின் மின்புலமே பக்கத்துச் செல்லைத் தொட்டுவிடுகிறது. செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் நரம்பிணைப்பு எதுவும் வேண்டாம். 2010-இல் ஃபுரோலிக்கும் மெக்கார்மிக்கும் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணியின் புறணித் துண்டைத் தட்டில் உயிரோடு வைத்து, மூளைக்குள் இயல்பாக இருக்கும் அளவுக்கே மெலிந்த மின்புலத்தைக் கொடுத்தார்கள். துண்டின் தாளம் அதற்கு இசைந்தது. அடுத்த ஆண்டு எலியின் புறணியில் அனஸ்தாசியூ குழுவினர் அளந்தபோது, புலத்தால் செல்லில் ஏற்பட்ட மாற்றம் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே. தனியாக ஒரு செல்லைத் துடிக்க வைக்க அது காணாது. ஆனால் துடிக்கப்போகிற செல்லின் நேரத்தை இழுத்துப் பிடிக்க, குறிப்பாக மெதுவான அலைகளில், அது போதுமானதாக இருந்தது. முழு மூளைக்குள் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. என் மனம் "கொஞ்சம் பங்கு உண்டு" என்கிற பக்கம் சாய்கிறது. பந்தயம் கட்டச் சொன்னால் மாட்டேன்.

இப்போது பாட்டிக்கு வருவோம். கண்ணைத் திறந்ததும் அவர் மூளை நிற்கவில்லை. ஆல்பா பலமாக ஓடும்போது அந்த இடத்துச் செல்கள் ஒரே மூச்சில் அடங்கி அடங்கி எழுகின்றன. துடிப்பு பொதுவாகக் குறைவு. கண் திறந்து வெளிச்சம் வந்ததும் ஒவ்வொரு செல்லும் தன் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது. ஒருமித்த கூட்டல் உடைகிறது, திரையில் கோடு தட்டையாகிறது. வேலை நேரத்தில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குள் நிற்பது மாதிரி: இரைச்சல் உண்டு, தாளம் கிடையாது. பாட்டி, உங்கள் மூளை நிற்கவில்லை, கடை திறந்துவிட்டது.

அதனால்தான் எனக்கு ஒரு ஆதங்கம். எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு "ஆல்பா அலையைக் கூட்டித் தருகிறோம்" என்று சொல்லிப் பணம் பிடுங்கும் வகுப்புக்கு என் தங்கை தன் மகனைச் சேர்த்துவிட்டாள். ரசீதைக் காட்டினாள், நான் வாயைத் திறக்கவில்லை, குடும்பத்தில் சண்டை வரும். ஆல்பா வேண்டுமென்றால் பையன் கண்ணை மூடினால் போதும். கணக்குப் போடும் நேரத்தில் பின்மண்டையில் அது ஓங்கி நின்றால் பையன் கேள்வித்தாளைப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் சந்தேகப்படுவேன்.

வெளியே தே தாரேக் ஆறிக்கொண்டிருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.