நாலு விளக்குகளும் நகர்ந்துபோன கடலும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்குச் சென்னைப் பாரிமுனையில் நின்றிருக்கிறீர்களா? பகலில் கால் வைக்க இடமில்லாத அந்தச் சந்திப்பு, அந்த நேரத்தில் கழுவிவிட்ட முற்றம் மாதிரி அகலமாகக் கிடக்கும். ஒரு டீக்கடையில் மட்டும் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்போம். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். வேலை விஷயமாக வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர் இருப்பார். மாம்பலத்திலேயே பிறந்து வளர்ந்தும் உயர் நீதிமன்றத்தை நின்று பார்க்காதவர் ஒருவர் இருப்பார். அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து வருகிறவர்கள் உண்டு. இவர்களை ஓட வைத்துக்கொண்டே ஊரைக் காட்டுவதுதான் என் வேலை.

ரோம், பெர்லின், நியூயார்க் போன்ற நகரங்களில் இது பழகிப்போன சங்கதி. வழிகாட்டி முன்னே ஓடுவார், பயணிகள் கூடவே ஓடுவார்கள், முக்கியமான இடம் வந்தால் நின்று கதை கேட்பார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால், "ஓடினால் எதைப் பார்க்க முடியும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நான் இருபது வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவன். மணல் படிவு, கடல் அரிப்பு என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே காலில் உறைத்தது, இந்தக் கடற்கரையோரம் ஓட ஆரம்பித்த பிறகுதான்.

வேகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அங்கேதான் பயம். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், அவ்வளவுதான். ஓடும்போது பக்கத்தில் போய், "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பேன். "இட்லி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தால் வேகம் கூடுதல் என்று பொருள். இட்லிக்கு என்ன சட்னி, அதை யார் அரைத்தார்கள் என்பது வரை சொன்னால் சரியான வேகம். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் உடம்பிலேயே வழியும். அது உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் நிதானமாகத்தான் ஓட வேண்டும். மார்கழி, தை மாதங்கள் இதற்கு ரொம்ப நல்லவை.

சரி, வழிக்கு வருகிறேன். எங்கள் ஓட்டத்துக்கு நாலு விளக்கு ஓட்டம் என்று பெயர். சென்னைக்கு இதுவரை நாலு கலங்கரை விளக்கங்கள் இருந்திருக்கின்றன. முதலாவது 1796இல், அடுத்தது 1844இல், மூன்றாவது 1894இல், இப்போது இருப்பது 1977இல். நாலு விளக்குகளும் இருந்த இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் அதுதான் எங்கள் வழி. கலங்கரை என்ற சொல்லை ஓட்டத்துக்கு முன்பே பிரித்துச் சொல்லிவிடுவேன். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு. எனக்கு இந்தச் சொல்லின் மீது தனிப் பிரியம்.

பாரிமுனையில் நிமிர்ந்து பார்த்தால் உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரம். 1892இல் கட்டடம் திறக்கப்பட்டது, இரண்டு வருஷம் கழித்து அந்தக் கோபுரத்தின் உச்சியிலேயே விளக்கை ஏற்றினார்கள். அதுதான் மூன்றாவது. கீழே நீதி, மேலே வெளிச்சம் என்று எண்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதே வளாகத்துக்குள் ஒரு கல்தூண் தனியாக நிற்கிறது, அது இரண்டாவது. அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கைபேசியில் படம் காட்டுவேன். உயர் நீதிமன்ற மதிலில் ஒரு கல்வெட்டும் உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு இந்த மதிலிலும் விழுந்தது. கப்பல் வந்து போனது கொஞ்ச நேரம், ஆனால் அது தமிழில் தங்கிவிட்டது. கண்டிப்பான மாமனாரை, விடாக்கண்டனான மேலதிகாரியை, "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல் எங்கே முளைத்ததோ அந்த இடத்தில் நின்று சொல்லும்போது, வயதானவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அங்கிருந்து ராஜாஜி சாலையில் தெற்கே புனித ஜார்ஜ் கோட்டை. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மேல்தான் 1796இல் முதல் விளக்கு எரிந்தது. தேங்காய் எண்ணெயும் திரியும் போட்ட விளக்குகள். அந்த வெளிச்சத்தை நம்பிக் கப்பல்கள் வந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

கோட்டை வாசலில் எல்லோரையும் கிழக்கே திரும்பி நிற்கச் சொல்வேன். கடல் தெரிகிறதா? தெரியாது. எதிரே சாலை, சுவர், அதற்கப்பால் துறைமுக நிலம். ஆனால் கோட்டை கட்டிய காலத்தில் கடல் இதன் மதிலுக்கு அருகிலேயே இருந்தது. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் கரை சேர்க்க மசூலாப் படகுகள்தான். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள். அலை அறைந்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். நம் மீனவர்களின் கையும் கண்ணும் செய்த அந்தப் படகில் ஏறித்தான் அந்தக் காலத்துக் கவர்னர்களும் மதராஸ் மண்ணில் கால் வைத்தார்கள். கோட்டைக்குள் பெயர் பொறித்த கல்வெட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. படகு வலித்தவர்களுக்கும் ஒன்று இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

அப்புறம் போர் நினைவுச் சின்னம், நேப்பியர் பாலம். முதல் பாலம் 1869இல் வந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இதைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகத் தீட்டினார்கள். பாலத்தில் லேசான ஏற்றம் உண்டு. கூவத்தின் வாடையும் உண்டு. அங்கே யாரும் பேசமாட்டார்கள், நானும் பேச வைப்பதில்லை.

பாலம் இறங்கினால் காமராஜர் சாலை. உழைப்பாளர் சிலை அருகே கட்டாயம் நிற்போம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959இல் வைத்த சிலை. நாலு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். ஓடிவந்து, மூச்சு வாங்க, கெண்டைக்கால் விறைத்து நிற்கும்போது அந்தச் சிலையின் கால்களைப் பாருங்கள். எந்தத் தசையில் பாரம் இறங்கியிருக்கிறது, எந்தக் குதிகால் மண்ணை உதைக்கிறது என்று உங்கள் கால் உங்களுக்குச் சொல்லும். காரில் போகிறவருக்கு அது சிலை. ஓடி வந்தவருக்கு அது கூடவே உழைக்கிற ஆள். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரைகளில்தான். ஒரு கூட்டம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில்.

சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், மாநிலக் கல்லூரி எல்லாம் வலது கையில் வரிசையாக வரும். ஓடிக்கொண்டே ஓரிரு வரி சொல்லிக் கடந்துவிடுவேன். அவற்றுக்குத் தனியே ஒரு நாள் வேண்டும். நான் நேரம் எடுத்துக்கொள்வது ஐஸ் ஹவுஸில்.

இப்போது விவேகானந்தர் இல்லம் என்கிறோம். 1897இல் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். ஆனால் கட்டியது 1842இல், பனிக்கட்டி வைப்பதற்காக. அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் ஏரிகள் உறையும். அந்த ஏரியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாஸ்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பினார் டியூடர் என்ற வியாபாரி. மாதக்கணக்கில் கடலில் வந்தும் முழுக்கக் கரையாமல் மிச்சம் இருந்தது. அதை இறக்கி இந்த வட்டக் கட்டடத்துக்குள் அடுக்கினார்கள். இப்போது என் கேள்வி: உருகுகிற சரக்கை வைப்பவன், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கிட்டங்கி கட்டுவான்? கூடிய மட்டும் பக்கத்தில்தானே?

இதைக் கேட்டுவிட்டு, எல்லோரையும் கடலை நோக்கி ஓடச் சொல்வேன். சாலையைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, மணலில் இறங்கி, அலை தொடும்வரை. ஒரே நிபந்தனை, மணலில் கால் வைத்தது முதல் ஒவ்வொரு அடியையும் எண்ண வேண்டும். மணலில் ஓடுவது என்றால் தெரியுமே, உதைக்கிற உதையில் பாதியை மணல் விழுங்கிவிடும். நூறு அடியில் பேச்சு நிற்கும். இருநூறில் சிலர் நடப்பார்கள். அலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்பேன். ஒருவர் நானூற்று இருபது என்பார், இன்னொருவர் ஐந்நூறைத் தாண்டிவிட்டது என்பார். மெரினாவின் சராசரி அகலம் சுமார் 300 மீட்டர்.

அப்போது சொல்வேன். நீங்கள் எண்ணின அடிகளில் பெரும்பாலானவை முன்பு தண்ணீர். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் போட ஆரம்பித்தார்கள். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும், ஆறு போல. அந்தச் சுவர் அதை மறித்தது. மறித்த மணல் தெற்கே குவிந்தது, கடல் பின்வாங்கியது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் அந்தப் புதுக் கரையோரம் உலாவுவதற்குப் பாதை போட்டு, சிசிலித் தீவின் நினைவில் மெரினா என்று பெயர் வைத்தார். நாம் சுண்டல் தின்கிற, பட்டம் விடுகிற, தலைவர்களை அடக்கம் செய்திருக்கிற இந்த மணல், ஒரு சுவரில் தட்டித் தேங்கிய மணல்.

அங்கிருந்து கலங்கரை விளக்கம் பக்கம்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, சுமார் 46 மீட்டர் உயரத்தில் நிற்கும் நாலாவது விளக்கு. அதே சாலையில்தான் சென்னை வானொலி நிலையமும் இருக்கிறது. பல வருஷம் நான் அங்கேயே ஓட்டத்தை முடித்து, அருகம்புல் சாறு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஒரு ஞாயிறு, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் சாற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். ராயபுரத்துக்காரர். "அண்ணே, இங்க மணல் சேர்ந்துச்சுன்னு சொன்னீங்க. அந்த மணல் எங்க பக்கம் வரவேண்டியதுதானே?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிற பதில். சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தால் வடக்கே கடல் கரையைத் தின்னும். அதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆனால் அத்தனை வருஷம் விளக்கு விளக்காக ஓடியும், வடக்கே ஒரு முறைகூட யாரையும் அழைத்துப் போனதில்லை.

அடுத்த மாதம் போனோம். ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினோம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட நிலையம் அது. தூண்கள் இன்றும் கம்பீரமாக நிற்கின்றன. அங்கிருந்து காசிமேடு. மீன் ஏலம் விடுகிற சத்தம், ஐஸ் நொறுக்குகிற சத்தம், ஈரத் தரையில் ஷூ வழுக்கும், பார்த்துத்தான் ஓட வேண்டும். அதைத் தாண்டி வடக்கே எண்ணூர் நெடுஞ்சாலை. வலது பக்கம் கடல், ஆனால் மணலில்லை. கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறது. இடையிடையே தூண்டில் வளைவுகள், அதாவது அரிப்பைத் தடுக்கப் போட்ட கல் சுவர்கள், கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. தெற்கே ஐந்நூறு அடி எண்ணியவர்கள், இங்கே எண்ண ஓரடிகூட இல்லாமல் நின்றார்கள்.

ஓரிடத்தில் அந்த அம்மா கல்லின் மேல் ஏறிக் கை நீட்டினார். "அதோ, அங்கதான் எங்க தாத்தா வீடு." அவர் காட்டிய இடத்தில் ஓர் அலை எழுந்து உடைந்தது. வீட்டின் முன்னால் வலை காயப்போட இடம் இருந்ததாம், இரண்டு தென்னை இருந்ததாம். அவர் பார்த்ததில்லை, அவருடைய அம்மா சொன்னது. பன்னிரண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தெற்கே, மூன்றாவது ஞாயிறு வடக்கே என்று வைத்துக்கொண்டோம். முன்போல ஒன்றை மட்டும் ஓடிவிட்டுப் போக நான் யாரையும் விடுவதில்லை. பெயர் கொடுக்கும்போதே இரண்டுக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

வருகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஷூவாக இருந்தால் நல்லது, மணல் ஏறும். தெற்கே எண்ணுகிற அடிகளை ஒரு தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருங்கள். வடக்கே போகும்போது அந்தத் தாளைக் கேட்பேன்.

நன்றி, வணக்கம்.