சிறுகோள் மோதல் பத்தி எதை முதல்ல படிக்கணும்? கேள்வி பதில்

அடுத்த கேள்வி. "2024 ஒய்ஆர்4 சிறுகோள் பூமியில மோத 1 சதவீதம் வாய்ப்புன்னாங்க. அப்புறம் 3-ஐத் தாண்டுச்சு. ஒரே வாரத்துல ஆபத்தே இல்லைன்னுட்டாங்க. இதுல எதை நம்புறது? ஒழுங்கா புரிஞ்சுக்கணும்னா எதைப் படிக்கணும்?"

படிக்கிற பட்டியலுக்கு முன்னாடி அந்த எண் எப்படி வருதுன்னு பார்த்துடுவோம். அது தெரியாம எதைத் திறந்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

இந்தச் சிறுகோளை 2024 டிசம்பர் 27-ல சிலியில இருக்கிற அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடிச்சுது. கொஞ்ச நாள் பார்த்ததை மட்டும் வச்சு, 2032 டிசம்பர் 22-ல அது எங்க இருக்கும்னு ஒரு புள்ளியா சொல்ல முடியாது. "இந்தப் பட்டைக்குள்ள எங்கயோ இருக்கும்"னுதான் சொல்ல முடியும். அந்தப் பட்டை 12 லட்சம் கிலோமீட்டர் நீளம், பூமி அதுக்கு நடுவுல இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க. பூமியோட விட்டம் கிட்டத்தட்ட 12,750 கிலோமீட்டர். அப்போ வாய்ப்பு சுமார் 1 சதவீதம். இன்னும் நாலு ராத்திரி பார்த்ததும் பட்டை 4 லட்சமா சுருங்குது, பூமி இன்னும் உள்ளயே இருக்கு. இப்போ 3 சதவீதம். ஆபத்து கூடலை, நம்ம அறியாமை குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். இன்னும் சுருங்கும்போது பூமி பட்டைக்கு வெளிய போயிடுச்சுன்னா எண் சட்டுனு விழுந்துடும். 2025 பிப்ரவரி 18-ல 3.1 சதவீதம், 24-ல 0.004 சதவீதம். ரெண்டுமே அன்னன்னிக்கு இருந்த தரவுக்குச் சரியான எண்தான். 2004 டிசம்பர்ல அபோபிஸ்ங்கிற இன்னொரு சிறுகோளுக்கு எண் 2.7 சதவீதம் வரைக்கும் ஏறி இறங்கினதும் இதே கதைதான்.

அதனால முதல்ல படிக்க வேண்டியது புத்தகம் இல்லை, அட்டவணை. நாசாவோட பூமியருகு பொருட்கள் ஆய்வு மையம் 'சென்ட்ரி'ன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. ஐரோப்பிய விண்வெளி முகமையும் தனியா கணக்குப் போட்டு ஒரு அபாயப் பட்டியல் வெளியிடுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே சிறுகோளுக்கு ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தா கணக்கு திடமா இருக்குன்னு அர்த்தம். மோதல் ஆபத்தைச் சொல்ல ரெண்டு அளவுகோல் இருக்கு. செய்தியில அடிபடுறது டோரினோ அளவு, 0-லிருந்து 10 வரை. அது பொதுமக்களுக்கு. நீங்க பார்க்க வேண்டியது பலெர்மோ அளவு. அது மடக்கை அளவு, அதாவது ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு மாறும்: 0-ன்னா, மோதலாம்னு சொல்ற நாள் வரைக்கும் அதே அளவோ பெருசோ இருக்கிற மற்ற கல்லுங்களால சராசரியா வரக்கூடிய ஆபத்துக்குச் சமம், மைனஸ் 2-ன்னா அதுல நூத்துல ஒரு பங்கு. பட்டியல்ல பெரும்பாலானது மைனஸ் 2-க்குக் கீழதான் கிடக்கும். ஆபத்து இல்லைன்னு தெரிஞ்சு பட்டியல்லேருந்து நீக்கப்பட்டவைன்னு ஒரு பக்கமும் இருக்கு. அதை யாரும் திறக்கறதில்லை, ஆனா எத்தனை பயம் இப்படிக் கரைஞ்சு போயிருக்குன்னு காட்டுறது அதுதான்.

அட்டவணையில விட்டத்தைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. அது பெரும்பாலும் அளந்தது இல்லை, பிரகாசத்துலிருந்து போட்ட கணக்கு. அந்தப் பிரகாசத்தைக் குறிக்கிற எச் மதிப்பு 22-ன்னா, மேற்பரப்பு வெளிறினதா இருந்தா சுமார் 105 மீட்டர், கரி மாதிரி கறுப்பா இருந்தா 240 மீட்டர். அளவுல ரெண்டு மடங்குதான் வித்தியாசம், ஆனா நிறையில பத்து மடங்குக்கு மேல. மோதல் ஆற்றலும் அதே அளவுக்கு மாறிடும்.

அடுத்தது, அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2010-ல வெளியிட்ட பூமிப் பாதுகாப்பு அறிக்கை. இலவசமாவே கிடைக்குது. மக்களை அப்புறப்படுத்துறது, மெதுவா இழுக்கறது, மோதித் தள்ளறது, அணு வெடிப்பு, இந்த நாலும் எவ்வளவு பெரிய கல்லுக்கு, எத்தனை வருஷ அவகாசத்துக்குப் பொருந்தும்னு தெளிவா இருக்கும். ஆனா இது ரஷ்யாவோட செல்யாபின்ஸ்க் மேல கல் வெடிச்சதுக்கும், சிறுகோள் மேல கலத்தை மோதவிட்ட நாசாவோட டார்ட் சோதனைக்கும் முந்தினது. செல்யாபின்ஸ்க்ல 2013 பிப்ரவரி 15-ல சுமார் 20 மீட்டர் கல் ஒண்ணு சூரியன் இருக்கிற திசையிலிருந்து வந்து, தரைக்கு 30 கிலோமீட்டர் மேல வெடிச்சு, ஆயிரத்துக்கு மேற்பட்டவங்களை முக்கியமா கண்ணாடிச் சில்லால காயப்படுத்துச்சு. சின்னக் கல் விஷயத்துல அறிக்கை சொல்றதை அதையும் மனசுல வச்சுப் படிங்க.

மூணாவது, என்னைக் கேட்டா இதுதான் ரொம்பச் சுவாரஸ்யம்: பூமிப் பாதுகாப்பு மாநாடுகள்ல, ஒரு கற்பனைச் சிறுகோள் மோத வந்தா என்ன பண்றதுன்னு நடத்துற பயிற்சியோட அறிவிக்கைகள். 2021 பயிற்சியில ஆறு மாசம்தான் அவகாசம். விண்கலம் அனுப்பவே நேரம் இல்லை, மக்களை வெளியேத்தறதுதான் வழின்னு முடிஞ்சுது. இதையெல்லாம் உண்மைச் செய்தின்னு பகிர்றவங்க இருக்காங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் 'பயிற்சி'ன்னு எழுதியிருக்கும், பார்த்துக்கோங்க.

நாலாவது, அதே நாசா மையத்தோட விலக்கல் கணக்குச் செயலி. கற்பனைச் சிறுகோளோட வேகத்தைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கலாம். புதுசா பண்றவங்க பக்கவாட்டுல தள்ளுவாங்க, பெருசா ஒண்ணும் நடக்காது. போற திசையிலயோ எதிர்த்திசையிலயோ தள்ளணும். அப்போ அது சூரியனைச் சுத்துற நேரமே மாறிடும், ஒவ்வொரு சுத்துக்கும் விலகல் சேர்ந்துக்கிட்டே போகும். விநாடிக்கு 1 சென்டிமீட்டர் மாத்தினா 10 வருஷத்துல நேர்க்கணக்குக்கு 3,150 கிலோமீட்டர், சுத்துற நேரமும் மாறுறதால உண்மையில ஏறக்குறைய அதுல மூணு மடங்கு. பூமியோட ஆரம் 6,371, அதனால தப்பிக்க இடம் இருக்கு. இதையே மோதலுக்கு 2 வருஷம் முன்னாடி பண்ணினா சுமார் 1,900 கிலோமீட்டர்தான் நகரும், பத்தாது.

கடைசியா, 2023-ல நேச்சர் இதழ்ல வந்த டார்ட் கட்டுரைகள் அஞ்சு. 2022 செப்டம்பர் 26-ல அந்தக் கலம் மோதினதுல டைமார்ஃபஸ்ங்கிற சின்னச் சிறுகோள், தன்னோட பெரிய துணைச் சிறுகோளைச் சுத்துற நேரம் 33 நிமிஷம் குறைஞ்சுது. அந்தக் கட்டுரைகள்ல பீட்டான்னு ஒரு எண் வரும். கலம் கொடுத்த உந்தத்தைப் போல எத்தனை மடங்கு உந்தம் சிறுகோளுக்குக் கிடைச்சுதுன்னு சொல்றது அது. பின்னால தெறிச்ச தூசியும் கல்லும் கூடுதலா தள்ளினதாலதான் அது 1-ஐ விடப் பெருசா இருக்கு. 3.6-ன்னு எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க, ஆனா அது டைமார்ஃபஸோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2,400 கிலோன்னு எடுத்துக்கிட்டா வர்ற எண். அடர்த்தி மாறினா 2.2-லிருந்து 4.9 வரை எங்க வேணா நிக்கலாம். நிறையை நேரா அளக்கத்தான் 2024 அக்டோபர்ல ஐரோப்பிய விண்வெளி முகமையோட ஹேரா கலம் கிளம்பிச்சு. அந்த அளவீடு வர்ற வரைக்கும் 3.6-ஐக் குறிச்சு வைக்கிறவங்க பக்கத்துல அடர்த்தியையும் சேர்த்து எழுதி வைங்க.