ஒரே மெட்டு, இரண்டு சாமி: கிறிஸ்தவரானால் காதும் மாறிவிடுமா?

(திரை இருட்டு. குரல் மட்டும்.)

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வரி வரப்போகிறது.

"அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே."

"அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே."

இரண்டும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறதா? முதல் வரி திருமழபாடிச் சிவபெருமானைப் பார்த்துச் சுந்தரர் பாடியது. இரண்டாவது வரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் பாடுகிற கிறிஸ்தவப் பாட்டு. அதை எழுதியவர் பிறப்பால் சைவரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. வைணவர்!

(டைட்டில்.)

வணக்கம் நண்பர்களே. கிறிஸ்தவ கன்வென்ஷன் கூட்டங்களில் தங்கள் மனமாற்றத்தைச் சாட்சியாகச் சொல்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. "ஆண்டவரை ஏற்றுக்கொண்ட அன்றைக்கே உலகப் பாட்டு எல்லாம் எனக்குக் கசந்துவிட்டது." உலகப் பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். இது நிஜமா? மதம் மாறினால் ரசனை மாறுமா, இல்லை கேட்கலாம், கேட்கக்கூடாது என்கிற பட்டியல் மட்டும் மாறுமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியல் ஒரே நாளில் மாறும், காது அவ்வளவு சீக்கிரம் மாறாது. இதற்கு நம் திருநெல்வேலிக்காரர் ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போகிறேன். கமெண்ட்டில் மதச் சண்டை வேண்டாம், மெட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி, ஜெர்மன் மெட்டிலேயே பாட வைத்தார்கள். அவற்றுக்குப் பெயர் ஞானப்பாட்டு. தமிழில் குறில், நெடில் இருக்கிறது. ஜெர்மன் மெட்டுக்கு அதெல்லாம் தெரியாது. நீட்ட வேண்டிய எழுத்து குறுகும், குறுக வேண்டியது நீளும். அப்படியும் சபைகள் பாடின, இன்றைக்கும் பாடுகின்றன. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது நம் ஆள். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை.

(திரையில்: 1827 – 1900)

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பு. வைணவக் குடும்பம், தமிழ்ப் படிப்பு ஊறிய வீடு, சின்ன வயதிலேயே கம்பராமாயணம். பிறகு சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. தம்பி முத்தையா பிள்ளை முதலில் கிறிஸ்தவரானார். அண்ணன் நிறைய யோசித்தார், நிறையப் போராடினார், கடைசியில் 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயர் சேர்ந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. காதுக்கும் அதே முப்பது வயதுதானே!

புது மதத்தில் அவருக்காகப் பாட்டுப் புத்தகம் தயாராகவே இருந்தது. ஐரோப்பிய மெட்டு, ஆர்கன், நாலு குரல், எல்லாம் ரெடி. அதையே பாடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் தன் சாமிக்குச் சொந்தமாக எழுத உட்கார்ந்தபோது என்ன வந்தது தெரியுமா? பாருங்கள்.

(திரை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் சுந்தரர்.)

பொன்னார் மேனியனே புலித்தோலை அரைக்கசைத்து
மின்னார் செஞ்சடைமேல் மிளிர்கொன்றை அணிந்தவனே
மன்னே மாமணியே மழபாடியுள் மாணிக்கமே
அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே.

(வலது பக்கம் கிருஷ்ணபிள்ளை.)

சத்தாய் நிஷ்களமாய் ஒரு சாமியமும் இலதாய்ச்
சித்தாய் ஆனந்தமாய்த் திகழ்கின்ற திரித்துவமே
எத்தால் நாயடியேன் கடைத்தேறுவன் என் பவந்தீர்ந்து
அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை யாருறவே.

வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். இடது பக்கப் பாட்டு உங்களுக்கு எந்த மெட்டில் தெரியுமோ, அதே மெட்டில் வலது பக்கத்தைப் பாடிப் பாருங்கள். வீட்டில் யாராவது ஒரு மாதிரி பார்த்தால் ஆராய்ச்சி என்று சொல்லிவிடுங்கள்.

பாடியாயிற்றா? உட்காருகிறது அல்லவா! "பொன்னார் மேனியனே" என்பதற்கும் "சத்தாய் நிஷ்களமாய்" என்பதற்கும் அலகிட்டுப் பார்த்தால் அசைக்கு அசை ஒன்று. நேர் நேர், நேர் நிரை நேர். கடைசி வரியின் தொடக்கமும் அப்படியே. "அன்னே உன்னையல்லால்", "அத்தா உன்னையல்லால்". எதுகையைப் பாருங்கள்: அந்தப் பக்கம் பொன், மின், மன், அன். இந்தப் பக்கம் சத், சித், எத், அத். இரண்டும் விளியில் எழும்பி, கடைசி வரி "உன்னை விட்டால் வேறு யார்" என்று போய் விழுவதும் ஒன்று. திருமுறைப் பதிப்பில் சுந்தரர் பதிகத்துக்கு நட்டராகம் என்று பண் போட்டிருப்பார்கள். ஓதுவார் ஒருவர் கையில் வலது பக்கப் பாட்டைக் கொடுத்தால், கேள்வி கேட்காமல் அதே பண்ணில் பாடிவிடுவார் என்பது என் நம்பிக்கை. பாடிய பிறகு கேள்வி கேட்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. சொந்தப் பழைய வீட்டுப் பாட்டு என்றால் இவர் ஆழ்வார் பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? தேவாரத்துக்குப் போகிறார். வைணவராகப் பிறந்து, கிறிஸ்தவராகி, சைவப் பதிகத்தின் நடையில் ஏசுவைப் பாடுகிறார். மூன்று வீட்டுக்காரர்களும் இதைப் பார்த்துத் தலையைச் சொறியலாம். நான் கைதட்டுவேன்.

அப்புறம் அந்த "நாயடியேன்". திருவாசகம் படித்தவர்களுக்கு இந்த நாயை நன்றாகத் தெரியும். "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்று மாணிக்கவாசகர் பாடியது சிவபுராணத்திலேயே இருக்கிறது. கடவுள் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. இங்கிலாந்தில் ஐசக் வாட்ஸ் 1707-ல் எழுதிய பாட்டில் தன்னைப் புழு என்கிறார். மிஷனரிகள் கொண்டுவந்த பாட்டில் புழு இருந்தது, கிருஷ்ணபிள்ளைக்கு நாய்தான் வந்தது. முப்பது வருடம் காதில் விழுந்தது எதுவோ, அதுதான் அவசரத்துக்குக் கைக்கு வரும்.

இன்னும் கேளுங்கள். அவருடைய பெரிய நூல் இரட்சணிய யாத்திரிகம், 1894-ல் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இதிலிருந்து பாடம் படித்திருப்பீர்கள், மனப்பாடப் பகுதியா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டியிருப்பீர்கள். மூலக்கதை ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட ஆங்கில உரைநடை. பன்யன் பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மனிதர். அந்தக் கதையைக் கம்பனின் விருத்த நடையில் காப்பியமாக்கி, நடுநடுவே இசைப்பாட்டுகளையும் வைக்கிறார் நம்மாள். அந்தப் பாட்டுகளுக்கு அவர் கொடுத்த பெயர் என்ன? தேவாரம். பெயரைக்கூட மாற்றவில்லை! பன்யனுக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஆக, சாமி மாறியது, பெயர் மாறியது, சொந்தபந்தம் மாறியது. காது கரையிருப்பிலேயே இருந்தது.

"சரி, மிஷனரிகள் இதையெல்லாம் விட்டார்களா?" என்று கேட்பீர்கள். சிலர் தடுத்தார்கள். இவருக்கு முந்தைய தலைமுறையில் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் இருந்தார். 1774-ல் பிறந்தவர், கிறிஸ்தவக் குடும்பம், சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் சரபோஜி மன்னரோடு சேர்ந்து வளர்ந்தவர். ஊரில் குறவஞ்சி நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம். இவர் எழுதியது பெத்லகேம் குறவஞ்சி. நாயகி தேவமோகினி, நாயகன் ஏசு, குறி சொல்லக் குறத்தியும் உண்டு. 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளுக்கு இந்தத் தமிழ்ப் பாட்டெல்லாம் ஆராதனையில் வேண்டாம் என்று தோன்றியது. சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். தமிழ்க் கீர்த்தனையை எடுத்தார்கள், பூ அலங்காரத்தை எடுத்தார்கள் என்று குற்றப் பட்டியல் போட்டார். அவரை நான் முழு ஹீரோவாக்க மாட்டேன். அதே பட்டியலில், நற்கருணையில் எல்லாச் சாதியையும் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. பாட்டு விஷயத்தில் அவர் கட்சி, சாதி விஷயத்தில் மிஷனரி கட்சி என்றுதான் என்னால் நிற்க முடிகிறது.

கடைசியில் பாட்டு ஜெயித்தது. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார். அதில் சாஸ்திரியார் பாட்டுகள் நிறைய.

இப்போது ஒரு வெளிநாட்டு சாட்சி. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1978 கடைசியில் கச்சேரி மேடையில் யாரோ ஒரு சின்ன வெள்ளிச் சிலுவையை எறிகிறார்கள், எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். கொஞ்ச நாளில் கிறிஸ்தவராகிறார், பைபிள் வகுப்புக்குப் போகிறார், 1979-ல் முழு விசுவாச ஆல்பம். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். டிலன் அவருக்கே பிரசங்கம் பண்ணப் பார்த்தார். "நான் 62 வயது யூத நாத்திகன், என்னைத் திருத்த முடியாது, ஆல்பத்தைப் பார்க்கலாம்" என்கிற மாதிரி அவர் பதில் சொல்லிவிட்டார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அந்த நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் 14 கச்சேரிகள். பழைய பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை. பத்திரிகைகள் கிழித்தன, கூட்டத்தில் கூச்சல். அடுத்த வருடம் அதே நவம்பர், அதே அரங்கு. பழைய பாட்டுகள் திரும்பி வந்தன. பட்டியல் ஒரு வருடத்தில் தளர்ந்துவிட்டது, பார்த்தீர்களா? இன்னொன்று, அவர் எடுத்துக்கொண்ட காஸ்பல் இசை, அதாவது அமெரிக்கக் கறுப்பினச் சர்ச்சுகளின் பக்தி இசை, அவருக்குப் புதிதே இல்லை. பள்ளிப் பருவத்தில் ராத்திரி ரேடியோவில் ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்ற காஸ்பல் குழுவைக் கேட்டு மயங்கியவர் அவர். ஏற்கெனவே பிடித்த இசைக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் காது மாறவே மாறாதா? மாறும். இங்கேதான் அந்த ஜெர்மன் மெட்டு விஷயம் வருகிறது. 1968-ல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். சாரம் இது: ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே, அது பிடிக்க ஆரம்பிக்கும். காரணம் எதுவும் தேவையில்லை. வாரா வாரம், பக்கத்தில் உங்களுக்குப் பிடித்தவர்கள் நின்று, எல்லாரும் வாய்விட்டு, கல்யாணத்துக்கு ஒரு முறை, அடக்கத்துக்கு ஒரு முறை என்று பாடினால் எந்த மெட்டும் சொந்த மெட்டாகிவிடும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சில கிராமத்துச் சர்ச்சுகளில் போய்க் கேளுங்கள். பனங்காட்டு நடுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாமாலை, அதாவது ஐரோப்பிய மெட்டில் அமைந்த தமிழ்ப் பாட்டுகள், பாடுவார்கள். அது ஒரே நாளில் நடந்த அதிசயம் இல்லை. பாட்டிக்கு ஒட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பழகி, பேத்திக்கு அதுவே தாலாட்டாகி நடந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சர்ச் ஹார்மனி சும்மா இருக்கவில்லை. சர்ச்சில் பியானோ, வயலின், கிட்டார் கற்றவர்கள் பலர் கோடம்பாக்கத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு வந்தார்கள். இளையராஜாவுக்கு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். ஆகவே இரட்சிக்கப்பட்டதும் சினிமாப் பாட்டை விட்டுவிட்டேன் என்று சொல்கிற ஒருவர், ஆராதனையில் கீபோர்டுகாரர் பிடிக்கிற கார்டில் (சேர்ந்து ஒலிக்கிற சுரக் கூட்டில்) கண்ணீர் விடும்போது, அந்தக் கார்டை அவர் காதுக்கு முதலில் பழக்கியது யார்? போதகரா, ராஜாவா? நான் ராஜா பக்கம் பந்தயம் கட்டுவேன். உலகப் பாட்டை விட்டவர்களைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. சிலருக்கு ஒரு பாட்டு கேட்டாலே பழைய குடி, பழைய கூட்டாளி எல்லாம் ஞாபகம் வரும். அவர்கள் அந்தப் பாட்டை விலக்குவது நியாயம். அவர்கள் விலக்குவது அந்த ஞாபகத்தை. மெட்டின் மேல் தப்பில்லை, அதைச் சாத்தான் மெட்டு என்று மேடையில் திட்டும்போதுதான் எனக்குச் சுருக்கென்கிறது.

நேரம் போய்விட்டது. மராத்தியில் நாராயண் வாமன் திலக் என்று ஒருவர் இருந்தார். 1895-ல் கிறிஸ்தவரான பிராமணக் கவிஞர். மராத்தி பக்திக் கவிஞர் துக்காராம் என்ற பாலத்தின் வழியாகத்தான் கிறிஸ்துவிடம் வந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். துக்காராம் பாடிய அபங்க நடையில் கிறிஸ்தவப் பாட்டு, மராத்திக் கீர்த்தன் மேடையில் ஏசு கதை! அவருக்குத் தனி வீடியோ போட்டே ஆக வேண்டும். வேண்டும் என்றால் கமெண்ட்டில் "திலக்" என்று போடுங்கள். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சபையில் கீர்த்தனைக்குக் கூட்டம் சேர்ந்து பாடுகிறதா, பாமாலைக்கா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு டிரம்ஸ் செட்டுக்கா? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், நான் எல்லாவற்றையும் படிக்கிறேன்.